பாதி வழியில் மந்தையை நிறுத்திய சூசையம்மாள்

கன்னிவாடி பஸ்ஸின் கண்டக்டர் தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றாமல் எங்கள் பசுமடத்துக்கு வந்து நின்றபோது முற்பகல் பதினொரு மணி இருக்கும். நான் இரண்டு எருமைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கன்னிவாடிக்குப் போகவேண்டிய எருமைகள். ஒன்று ஏறிவிட்டது. மற்றது பலகையில் கால் வைக்க மறுத்து நின்றது.

"சார், ஏத்தாதீக. அங்க எறக்கி வாங்க ஆளு இல்ல," என்றார்.

"ஏன், சூசையம்மா எங்க போயிருக்காக?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "காலையில தவறிட்டாக சார். தொட்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்காக. தலை சுத்துதுன்னு ஒக்காந்தவுக, எந்திரிக்கல. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம்."

ஏறிய எருமையையும் இறக்கச் சொன்னேன். அதைத் தவிர எனக்கு அப்போது செய்யத் தோன்றியது எதுவும் இல்லை.

மறுநாள் கன்னிவாடிக் கல்லறைத் தோட்டத்தில் உங்களில் பலரைப் பார்த்தேன். மந்தை ஓட்டுகிறவர்கள், லாரி டிரைவர்கள், கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், செம்பட்டிப் பக்கத்து விவசாயிகள். அவரைப் பற்றிச் சொல்ல ஆளுக்கொரு சம்பவம் இருந்தது. என்னிடமும் ஒன்று உண்டு. அதில் நான் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை. அதனாலேயே அங்கே வாயைத் திறக்காமல் நின்றேன். அது சரியில்லை என்று திரும்பி வருகிற பஸ்ஸிலேயே பட்டது. ஆகவே இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல் பசுமடத்துக்கு நான் மேனேஜராக வந்தது ஐம்பதுகளின் நடுவில். பெயர்தான் பசுமடம். உழவுக்கு உதவாத கிழ எருதுகள், கண் போன ஜட்காக் குதிரை, கால் ஒடிந்த கழுதை, சந்தையில் விலைபோகாமல் விட்டுவிட்டுப் போன மாடுகள் எல்லாம் அங்கே வந்து சேரும். இடம் சிறியது. மேய ஒரு பிடி புல் கிடையாது. கன்னிவாடியில் மலையடிவாரத்தில் இன்னொரு மடம் இருந்தது. அங்கே மேய்ச்சல் நிலமும் ஓடையும் உண்டு. நடக்கக்கூடியவற்றை நடத்தியும், முடியாதவற்றை மாட்டுவண்டியில் ஏற்றியும் இங்கிருந்து அங்கே அனுப்புவோம். அங்கே பொறுப்பில் இருந்தவர் சூசையம்மாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. பெரிய, காய்த்துப்போன கைகள்.

அவர் வைத்திருந்த ஏற்பாடு எளிமையானது. இத்தனை உருப்படி இருக்கிறது, அனுப்பலாமா என்று நாம் எழுத வேண்டும். அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வரும். 'வரலாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ பென்சிலில் எழுதியிருக்கும். 'வரலாம்' என்று கார்டு கைக்கு வராமல் ஒரு கன்றுக்குட்டிகூட இங்கிருந்து நகரக் கூடாது. கிளம்பும்போது ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வழிச்சீட்டு. நிறம், கொம்பு, வயது, உடல்நிலை என்று அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நான் முதன்முதலில் அனுப்பிய பத்து மாடுகளுக்கும் உடல்நிலை என்ற இடத்தில் 'நலம்' என்று எழுதியிருந்தேன். அடுத்த பஸ்ஸில் அவரே சீட்டுகளை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டார்.

"மேனேஜர் தம்பி, பத்துக்கும் நலம்னு எழுதியிருக்கீக. நலமா இருக்கற மாடு எதுக்குப் பசுமடத்துக்கு வருது?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

"எங்கப்பா மாட்டுத் தரகர். பல்ல அரத்தால ராவி வயசக் கொறைப்பாரு. புண்ணு மேல சாணியப் பூசி சந்தையில நிறுத்துவாரு. மறைக்கறதப் பாத்தே வளந்தவ நான். குறைய மொதல்ல எழுதுங்க. மிச்சத்த நான் மாட்டப் பாத்துத் தெரிஞ்சுக்கிறேன்."

அதன்பின் குறைகளை எழுதினேன். ஆனால் மனதுக்குள் அவரை ஒரு பிடிவாதக்காரி என்றே நினைத்திருந்தேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து மழை அடியோடு பொய்த்தது. தீவனம் போட வழியில்லாதவர்கள் வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் மாடுகளை ஓட்டிவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். ஆவணி பிறந்தபோது முப்பத்தெட்டு உருப்படிகள் நின்றன. கிணற்றில் வாளி தரைதட்டியது. கன்னிவாடிக்கு எழுதினேன். கார்டு வந்தது: 'வேண்டாம். உங்கள் பக்கத்துச் சந்தையில் கோமாரி என்று பேச்சு. வழியில் எல்லா ஊரிலும் உழவு மாடு விதைப்புக்குக் காத்திருக்கிறது. பதினைந்து நாள் பொறுத்து, வாயும் காலும் பார்த்து எழுதவும்.'

கோமாரி என்றால் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கட்டும். மாடு தின்னாது, நடக்காது. வலுவான மாடு பிழைத்துக்கொள்ளும்; ஆனால் அந்தப் பருவத்துக்கு ஏரில் பூட்ட முடியாது. நலிந்த மாடு செத்துவிடும். தண்ணீர்த் தொட்டி, கயிறு, மனிதர்களின் கால் என்று எல்லாவற்றிலும் தொற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும்.

ஐந்து நாள் பொறுத்தேன். ஆறாம் நாள் வாளியில் சேறு வந்தது. அன்றைக்கு மடத்தை நடத்தும் கமிட்டியின் பெரியவர் ஒருவர் வந்து, "மடத்து வாசல்லயே மாடு செத்து விழுந்தா ஊரு நம்மளத்தான்யா பேசும்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் முப்பத்தெட்டையும் ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். 'கிளம்பிவிட்டோம்' என்று கன்னிவாடிக்கு ஒரு கார்டு போட்டேன். அது போய்ச் சேருவதற்குள் மந்தை அங்கே போய்விடும் என்று கணக்குப் பார்த்துத்தான் போட்டேன்.

கிளம்புகிற காலையில், மந்தையோட்டி கருப்பையா சாம்பல் நிற மயிலைக் காளை ஒன்றின் அருகே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இதுக்கு வாய் ஒழுகுது."

கயிறு போல் எச்சில் தரைவரை தொங்கியது. காளை உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தது.

"வெயிலுக்கு அப்படித்தான் ஒழுகும், கருப்பையா."

"வெயிலு இன்னும் ஏறலயே சார்."

நான் அந்தக் காளையின் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் தண்ணீருக்கு எங்கே போவது? உள்ளே போய் முப்பத்தெட்டாவதாக அந்தக் காளையின் சீட்டிலும் 'நலம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நானும் சைக்கிளில் கூடவே போனேன். செம்பட்டி வழி சுற்று, ஆனால் கிணறுகள் உண்டு. முதல் நாள் நடுப்பகலில் சாலையோரத் தோட்டம் ஒன்றில் கேட்டுத் தொட்டியில் தண்ணீர் காட்டினோம். தோட்டக்காரர் பெயர் பெரியசாமி. நல்ல மனிதர். அவரே கமலை ஓட்டி இறைத்துக் கொடுத்தார். மயிலைக் காளையும் அந்தத் தொட்டியில் வாய் வைத்தது. அதைத் தடுக்கக் கை நீட்டியவன், பெரியசாமி பார்ப்பதைக் கண்டு கையை மடக்கிக்கொண்டேன்.

செம்பட்டிக்கு வெளியே பொட்டலில் தங்கி மறுநாள் காலையில் கிளம்பியபோது ஒரு கிடாரி பின்காலை உதறி உதறி நடந்தது. கருப்பையா என் சைக்கிளின் பக்கமாக வந்தார். "இப்ப மூணு ஆச்சு சார்."

"இன்னும் கொஞ்ச தூரந்தான். ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். ஆனால் வழியில் எதிர்ப்பட்ட எந்த மாட்டையும் எங்கள் மந்தைக்கு அருகில் வரவிடாமல், தாமே முன்னால் ஓடி ஓடித் துரத்தினார். எதற்கென்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செம்பட்டியைத் தாண்டி மூன்று மைல் போயிருப்போம். அடுத்த ஊர் தொடங்குகிற இடத்தில் சாலையின் குறுக்கே ஒரு மூங்கில் கழி கிடந்தது. அதன் பின்னால் சூசையம்மாள் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் எங்களைக் கடந்துபோன பஸ்ஸில் இருந்தவர்கள் யாரோ கன்னிவாடியில் இறங்கிச் சொல்லியிருக்கிறார்கள். விடியுமுன் கிளம்பி நடந்தே வந்திருந்தார்.

"யாரக் கேட்டு ஓட்டியாந்தீக?"

"கெணறு வத்திருச்சுக்கா. அங்கயே நின்னா செத்துப்போகும்."

"கார்டு வந்துச்சா?"

"இல்ல."

சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நேரே மயிலைக் காளையிடம் போனார். தாடையைப் பிடித்து நாக்கை வெளியே இழுத்தார். நாக்கின் மேல்தோல் உரிந்து சிவந்திருந்தது. கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்பப் பாத்தீக இத?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். கருப்பையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்.

"நேத்துக் காலையில," என்றேன்.

"நேத்துக் காலையில பாத்துட்டு நலம்னு எழுதுனீகளா?"

இதற்குள் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். வயதான ஒருவர், "என்னத்தா சூசையம்மா, ரோட்ட மறிச்சுக்கிட்டு? வழிய விடு, போகட்டும்," என்றார். அந்தக் கணத்தில் சூசையம்மாள் கழியை எடுத்திருந்தால் மந்தை ஊரைக் கடந்திருக்கும். ஐந்து மைலில் அவருடைய மடம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க தம்பி. நீங்களே சொல்லுங்க. நாளைக்கு இவுக மாடு இந்த ரோட்டுலதான் நடக்கணும்."

"மந்தையில மூணு மாட்டுக்குக் கோமாரி இருக்கு," என்றேன். "எனக்கு நேத்தே தெரியும்."

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரு கல் என் சைக்கிளில் வந்து பட்டது. மாடு ஓட்டும் தார்க்குச்சியோடு ஒருவர் மந்தையை நோக்கி ஓடிவந்தார். "திருப்புடா வந்த வழியே! வெதைப்பு நேரத்துல எமனக் கூட்டியாந்திருக்கான்!"

சூசையம்மாள் அவருக்கும் மந்தைக்கும் நடுவே போய் நின்றார். "அப்பு, திருப்புனா அங்க இருக்கறது ஒன் சம்பந்தி ஊரு. அவுக மாட்டுக்கு வரட்டுமா?"

தார்க்குச்சி இறங்கவில்லை. ஆனால் ஆள் நின்றார்.

"முன்னாடியும் போகாது, பின்னாடியும் போகாது. இந்தக் கரட்டுப் பொறம்போக்குல நிக்கட்டும். நானும் இங்கதான் நிக்கப்போறேன். ஒங்க கெணத்துப் பக்கம் எங்க மாடும் வராது, ஆளும் வராது. தண்ணி எங்க ஊருலருந்து வண்டியில வரும். ஒரு மாடு எல்லையத் தாண்டுனா என்னயக் கேளுங்க."

"ஒன்னய நம்பி?"

"என்னய நம்ப வேணாம். ஆளுக்கு ஒரு பொழுது காவலுக்கு வந்து நின்னு பாருங்க."

இந்த ஒரு பேச்சில்தான் ஊர் இறங்கிவந்தது என்று நினைக்கிறேன். நம்புங்கள் என்று அவர் கேட்டிருந்தால் நடந்திருக்காது.

உடனே என்னிடம் திரும்பினார். "வழியில எங்க தண்ணி காட்டுனீக?" சொன்னேன். "குளிச்சு, துணிய அலசிப் போட்டுக்கிட்டு, சைக்கிள எடுங்க. தொட்டிய சுண்ணாம்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க. அவரு மாட்ட வெளிய விட வேணாம்னு சொல்லுங்க. தோட்டத்துக்குள்ள போகாதீக. ரோட்டுல நின்னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா மறைக்காதீக."

ஏறு வெயிலில் அத்தனை மைலும் மிதித்தேன். பெரியசாமி தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார். சாலையில் நின்றபடியே சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அவர் தொட்டியைப் பார்த்தார். அதன் அருகே கட்டியிருந்த தம் உழவு மாடுகளைப் பார்த்தார்.

"நேத்து சாயந்தரமே ரெண்டும் அதுல குடிச்சிருச்சே," என்றார்.

அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. கல்லெறிந்தவர்களை நான் மறந்துவிட்டேன்.

கரட்டுக்குத் திரும்பியபோது சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து நிலத்தில் ஒரு எல்லைக்கோடு போடப்பட்டிருந்தது. மந்தை இரண்டாகப் பிரிந்து நின்றது. கன்னிவாடியிலிருந்து பீப்பாய்களோடு வருகிற வண்டி கோட்டுக்கு வெளியே நிற்கும். மூங்கில் தூம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே பாயும். நோயுள்ள மாட்டைத் தொடுகிறவர்கள் மற்றதைத் தொடக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் வெளியே போகக் கூடாது. உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர்: அவர், கருப்பையா, நான்.

நாங்கள் அங்கே இருபத்தாறு நாள் இருந்தோம். படிகாரத் தண்ணீரால் வாய் கழுவுவது, குளம்பைக் கழுவி வேப்பெண்ணெய் பூசுவது, வைக்கோலைக் கடிக்க முடியாத மாடுகளுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றுவது. மூன்று ஏழாயிற்று, ஏழு பதினெட்டாயிற்று. ஒவ்வொரு காலையும் சூசையம்மாள், நல்ல மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிற கருப்பையாவை நிறுத்தி, "இன்னைக்கு எம்புட்டு?" என்பார். புதிதாக நோய் கண்டவை எத்தனை என்று கருப்பையா விரலைக் காட்டுவார். இரண்டு ஊர்க்காரர்கள் எல்லைக்கு வெளியே கம்போடு உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை மேகம் ஒன்று தினமும் மலைப் பக்கம் வந்து நின்று கலைந்துபோயிற்று. அது பெய்துவிட்டால் ஊர் ஏர் பூட்ட வேண்டும். அவர்கள் மாடுகள் அன்று நிற்குமா விழுமா என்பது எங்கள் எல்லைக்கோட்டில் இருந்தது.

மயிலைக் காளை எட்டாம் நாள் செத்தது. தோலுக்குக் கேட்டு ஒருவர் வந்தார். அவரைச் சூசையம்மாள் கோட்டருகிலேயே திருப்பி அனுப்பினார். "அந்தத் தோலு எந்த ஊரு வழியாப் போகும்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." ஆளுயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம்.

வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தையும் அவர் என்னோடு பேசியதில்லை. மூன்றாவது மாடு செத்த அன்று என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, என்னய மன்னிச்சிருங்க," என்றேன்.

அவர் ஒரு குளம்பைத் தொடைமேல் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மன்னிக்கறது ஆண்டவர் வேல. எனக்கு இன்னும் பத்து மாட்டுக்குக் கால் கழுவணும். வாளியத் தூக்குங்க."

ஐந்து மாடுகள் செத்தன. முப்பத்துமூன்று பிழைத்தன. இருபத்தாறாம் நாள் கம்பவுண்டர் வந்து எல்லாவற்றின் வாயையும் காலையும் பார்த்தார். அந்த ஊரில் ஒரு மாட்டுக்கும் நோய் வரவில்லை. தார்க்குச்சியோடு ஓடிவந்தவர்தான் சாலையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்தார். சூசையம்மாள் மைல்கல்லின்மேல் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு கார்டை எடுத்து, பென்சிலால் எழுதி என்னிடம் நீட்டினார். 'வரலாம்.' "தபால்ல போட்டா மூணு நாளாகும்," என்றார். கருப்பையா சிரித்துவிட்டார். அந்த இருபத்தாறு நாளில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஆனால் பெரியசாமியின் மாடுகளில் ஒன்றுக்கு வந்துவிட்டது. பிழைத்தது, ஏரில் பூட்ட முடியவில்லை. புரட்டாசி நடுவில் நல்ல மழை இறங்கியது. அன்று மாலையே சூசையம்மாள் தம் சொந்த உழவு மாடுகளைச் செம்பட்டி வழியாக அனுப்பிவைத்தார். தம் கொல்லை உழவு காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அந்த ஜோடி பெரியசாமியின் தோட்டத்தில் நான்கு நாள் உழுதது. நான் நான்கு நாளும் போய் அங்கே நின்றேன். எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. மண்கட்டி உடைத்தேன்.

கமிட்டி என்னை வேலையைவிட்டு நீக்கப் பேசியது. நியாயமான பேச்சு. சூசையம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் வெளி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன், குரல் கேட்டது. "எடுத்துட்டா அடுத்து வாரவரு இதே தப்ப மொதல்லருந்து பண்ணுவாரு. இவரு பண்ணி முடிச்சுட்டாரு." வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமலே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோனார். அவர் எனக்காகப் பரிந்து பேசினாரா, மடத்துக்கு எது லாபம் என்று பார்த்துப் பேசினாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

பின்னால் லாரி வந்தது, டெலிபோன் வந்தது. டெலிபோனில் அவர் 'ஹலோ' சொல்லிக் கேட்டவர்கள் இருக்கிறீர்களா? எடுத்ததும், "குறை என்ன?" என்பார். ஒருமுறை எங்கள் கமிட்டித் தலைவரே பேசினார். அவரிடமும் அதே கேள்வி. அவர் திகைத்துப்போய், தமக்கு மூட்டுவலி என்று சொன்னாராம்.

அடக்கம் முடிந்த பிறகு அவர் மகள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அம்மாவின் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எதையும் எடுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பழக்கம். அதுவும் சுலபமான பழக்கம் இல்லை.

போன வாரம் ஒரு செவலைக் காளையை வேறொரு ஊர் மடத்துக்கு அனுப்ப எழுதினேன். பார்க்க வாட்டசாட்டமான காளை. வெறுமனே நலம் என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பார்கள். அதன் கழுத்தடியில் கையை விட்டால்தான் தெரிகிற ஒரு கழலை இருக்கிறது. அதை முதல் வரியில் எழுதினேன். நேற்று பதில் வந்தது. எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். இங்கே தொழுவத்தில் இடமில்லை. என் அறை ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டியிருக்கிறோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அது வைக்கோல் தின்கிற சத்தம் கேட்கிறது.